தொந்தி கரையுதோ இல்லையோ, பணம் கரையுது!

சென்னைவாசிகளுக்குப் புதிதாக ஒரு வைத்தியர் கிடைத்திருக்கிறார். சட்டைப் பையிலேயே குடியிருக்கிறார். அவர்தான் செல்போன்!

"காலையில் என்ன சாப்பிட்டீங்க? எத்தனை அடி நடந்தீங்க? தண்ணி குடிச்சீங்களா?" என்று பொழுது விடிந்தது முதல் துளைத்து எடுக்கிறார். பெற்ற தாய்கூட இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டாள்.

'ஆன்லைன்' மூலம் உடம்பைக் குறைக்கும் திட்டங்களைத்தான் சொல்கிறோம். சந்தா கட்டினால் போதும். சாப்பாட்டுப் பட்டியல் வரும். உடற்பயிற்சிப் படம் வரும். வாரம் ஒரு தரம் 'கோச்' அம்மா போனில் பேசுவார். மாம்பலம், அண்ணா நகர் என்றில்லை, வியாசர்பாடியிலும் இந்த விளம்பரம் செல்போனுக்கு வந்து கதவு தட்டுகிறது.

கிண்டலுக்காக இதை எழுதவில்லை. தொந்தி சிரிக்கிற விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை டாக்டர்களும் சேர்ந்து நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்து 2023-ல் கணக்கு வெளியிட்டார்கள். நாட்டில் சர்க்கரை நோய்க்காரர்கள் 10 கோடிக்கு மேல்! வயிற்றில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 100-க்கு 39 பேருக்கு மேல்! ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தொட்டால் ஆபத்துக் கோடு. தையல்காரரிடம் டேப் வாங்கி நீங்களே அளந்து பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும்!

காசில்லாத வைத்தியம்

செல்போன் சொல்லி மனுஷன் கேட்பானா?

கேட்பான். இதை நிரூபித்தவர்களும் நம்ம ஊர் டாக்டர்கள்தான். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே புத்திமதி: எண்ணெயைக் குறை, நட. அதோடு பாதிப் பேருக்கு மட்டும் செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருந்தது. 2 வருஷம் கழித்துப் பார்த்தால், செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. செய்தி வந்தவர்களில் 18 பேருக்குத்தான்! இந்த முடிவு 2013-ல் வெளியானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் இல்லை, பாட்டு இல்லை, 'பிரீமியம்' சந்தா இல்லை. வெறும் எஸ்.எம்.எஸ்! நம்மை ஒருத்தர் விடாமல் விசாரிக்கிறார் என்ற நினைப்புதான் பாதி மருந்து. 1961-ல் நியூயார்க்கில் ஒரு குடும்பத் தலைவி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, "இந்த வாரம் எவ்வளவு குறைந்தாய்?" என்று கேட்க ஆரம்பித்தார். உலகம் முழுக்கக் கிளை விட்ட பெரிய கம்பெனியே அதிலிருந்துதான் முளைத்தது.

ஆக, விஷயம் விசாரிப்பில் இருக்கிறது. விற்பனையோ வேறெதிலோ நடக்கிறது.

15 நாளில் 10 கிலோ!

"15 நாளில் 10 கிலோ குறையும், இல்லாட்டி பணம் வாபஸ்" என்று ஒரு ஆசாமி வீடியோவில் முழங்குகிறார். முதல் வாரம் 2 கிலோ குறையத்தான் செய்யும். அதில் பெரும்பகுதி உடம்பில் இருந்த தண்ணீர். இட்லி, சோறு கைக்கு வந்ததும் தண்ணீரும் திரும்பி வரும். அதற்குள் சந்தாப் பணம் போயிருக்கும்.

உண்மையில் எவ்வளவு குறைந்தால் போதும்? 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம். வாரத்துக்கு 150 நிமிஷம் நடை. 80 கிலோ ஆசாமிக்கு 5 கிலோ 600 கிராம், அதுவும் மாதக்கணக்கில். அதற்கே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. "ஆறு மாசத்தில் ஐந்து கிலோ" என்று போட்டால் யார் சந்தா கட்டுவார்கள்? அதனால்தான் அப்படி யாரும் விளம்பரம் போடுவதில்லை.

விபரீதமும் நடந்துவிட்டது. எடை குறைய வேண்டும் என்று வீடியோ பார்த்து, தானே பட்டினி வைத்தியம் செய்துகொண்ட 18 வயது மாணவி 2025-ல் கேரளத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு குமரி மாவட்டத்தில், மாதக்கணக்கில் பழச்சாறே கதி என்று இருந்த 17 வயது மாணவனும் இறந்துபோனான். பெற்றவர்கள் வயிறு எரிகிறது. வீடியோக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஊளைச்சதையைக் கரைக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாது என 1954-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. டாக்டர், நிபுணர் என்று சொல்லிக்கொண்டு பேசுகிறவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் மத்திய அரசு விதி போட்டது. சந்தாவில் சேர்ப்பது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வலை பின்னுவதும் அதே ஆண்டு நவம்பர் முதல் குற்றம். எல்லாம் காகிதத்தில் ஜோராக இருக்கிறது!

"ஒரு ரூபாய்தானே" என்று சேர்ந்தவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் முன், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவலைப் பார்த்ததும் உங்கள் பணப்பட்டுவாடா செயலியில் 'ஆட்டோ பே' என்ற இடத்துக்குப் போய் நிறுத்திவிடலாம். கம்பெனியைக் கெஞ்ச வேண்டியதில்லை. தகராறு செய்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

அடுப்படி தெரியாத பட்டியல்

பணத்தைவிடப் பெரிய கோளாறு, இந்தப் பட்டியல்களுக்கு நம் வீட்டு அடுப்படி தெரியாது. 'அவகாடோ' சாப்பிடு, 'ஓட்ஸ்' சாப்பிடு என்கிறது. கொள்ளும் கீரையும் சுண்டலும் என்ன பாவம் செய்தன?

புளியந்தோப்பில் ஒரு குடும்பத் தலைவியை நினைத்துப் பாருங்கள். காலையில் பிள்ளைகளுக்கு டப்பா, கணவருக்கு டிபன், மாமியாருக்குத் தனியாக உப்பு குறைத்த குழம்பு. இதில் தனக்கு என்று நாலாவதாக ஒரு சமையலா? கடைசியில் அந்த அம்மா சாப்பிடுவது என்ன? பிள்ளை வைத்துவிட்டுப் போன ஒன்றரை தோசை, சட்டியில் ஒட்டிய பொரியல், மத்தியானம் மிஞ்சிய சோறு. "வீணாப் போவுதேன்னு வாயில போட்டுக்கறேன்" என்பார்கள். இதை எந்தக் கம்ப்யூட்டரும் கணக்கில் எடுக்காது. 'இரவு உணவு 7 மணிக்குள்' என்று செய்தி வரும்போது வீட்டுக்காரரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார்!

அந்த அம்மாவுக்குத் தேவை தனிச் சமையல் இல்லை. அதே சாம்பார், அதே சோறு, அளவு மட்டும் மாற்றி. ஒரு கரண்டி சோறு குறைந்து ஒரு கரண்டி காய் கூட வேண்டும். தாளிக்கிற எண்ணெய் பாதியாக வேண்டும். வீடே அதைச் சாப்பிட்டால் வீட்டுக்கே நல்லது. இதைச் சொல்லத் தெரிந்த 'கோச்' கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பட்டியலை மாற்றக்கூடாது. சாப்பாடு சட்டென்று குறைந்து மாத்திரை அப்படியே இருந்தால் மயக்கம்தான்.

தமிழக அரசுக்கு ஒரு யோசனை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிறார்கள். யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று களப்பணியாளருக்குத் தெரியும். அந்தப் பெண்கள் மூலமாகவே நல்ல தமிழில், நம் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லி, வாரம் இரண்டு குறுஞ்செய்தி அனுப்பினால் என்ன? மாத்திரை தேவைப்படும் நிலைக்கு வராதவர்களையும் அதில் சேர்க்கலாம். இடுப்பளவு கோட்டைத் தாண்டிய அத்தனை பேரையும் சேர்க்கலாம். மாத்திரைச் செலவோடு பார்த்தால் இது கொசுறு.

நடக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினால் நடக்க இடமும் வேண்டும். (தினம் 10 ஆயிரம் அடி என்பது 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வைத்த பெயரிலிருந்து வந்த கணக்கு. அது முடியவில்லையே என்று மனசு ஒடிய வேண்டாம்.) பெசன்ட் நகரில் 2023-ல் 8 கிலோ மீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள். சபாஷ்! ஆனால் கொருக்குப்பேட்டைக்காரர் எங்கே நடப்பார்? நடைபாதை என்று இருப்பதில் ஒரு பக்கம் மின்சாரப் பெட்டி, ஒரு பக்கம் பைக், நடுவில் குழி. செல்போன் "இன்னும் 3 ஆயிரம் அடி பாக்கி" என்று கத்துகிறது. காலை வைத்தால் சாக்கடை மூடி ஆடுகிறது!

வடசென்னையில் வார்டுக்கு ஒரு கிலோ மீட்டராவது, குழியில்லாமல், விளக்கோடு, நடக்கிற மாதிரி ஒரு பாதை போட மாநகராட்சி முன்வருமா?