ராம்ப்ல ஒரு மஃப்டி போலீஸ்!

செமஸ்டர் லீவ்ல என்ன பண்ணீங்க? நான் பாகூர்ல எங்க ஆயாகூட உட்கார்ந்து லேப்டாப்ல ஒரு பழைய இங்கிலீஷ் படம் பார்த்தேன். 'மிஸ் கன்ஜீனியாலிட்டி'. 2000 டிசம்பர்ல வந்த படம். அதாவது, நான் பிறக்கறதுக்கு முன்னாடி.

கதை சிம்பிள். அமெரிக்காவுல ஒரு அழகிப் போட்டி நடக்கப்போகுது. அதுல குண்டு வெப்பேன்னு மிரட்டல் கடிதம் வருது. எஃப்.பி.ஐ. என்ன பண்ணும்? போட்டியாளர் மாதிரி ஒரு பெண் ஏஜென்ட்டை உள்ளே அனுப்பும். வேற யாரும் சரிப்பட்டு வராததால வேலை கிரேஸி ஹார்ட் தலையில விழுது. கிரேஸி எப்படின்னா, தலை வாரமாட்டா. வாயில சாப்பாட்டை வெச்சுக்கிட்டே பேசுவா. சிரிச்சா மூக்கால ஒரு சத்தம் வரும் பாருங்க... எங்க மாடு கொட்டகையில போடுற அதே சத்தம். சாண்ட்ரா புல்லக் பின்னியிருக்காங்க.

அவளை ஒரே ராத்திரியில 'மிஸ் நியூஜெர்சி'யா மாத்த ஒரு கோச் வர்றார். மைக்கேல் கெய்ன். வேக்ஸிங், பல்லு, முடின்னு ஒரு படையே அவ மேல பாயுது. அந்த சீன்ல நான் விழுந்து விழுந்து சிரிக்க, ஆயா மட்டும் கடுப்பாயிட்டாங்க. "முன்னாடியே நல்லாத்தானடி இருந்துச்சு அந்தப் பொண்ணு. எதுக்குக் கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிறானுங்க?" படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கேயும் படிக்கல.

படம் வந்த வருஷத்தைக் கவனிங்க. அந்த 2000-லதான் லாரா தத்தா மிஸ் யுனிவர்ஸ், பிரியங்கா சோப்ரா மிஸ் வேர்ல்டு, தியா மிர்ஸா மிஸ் ஏஷியா பசிபிக். ஒரே வருஷத்துல மூணு கிரீடம்! எங்க அக்காக்கள் எல்லாம் அப்போ டவலைத் தோள்ல குறுக்கா போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி கையாட்டினதா வீட்டுல இன்னிக்கும் கலாய்ப்பாங்க.

மிரட்டலுக்கு நடுவுல போட்டிங்கறது சும்மா சினிமா கற்பனைன்னு நினைக்காதீங்க. 1996 நவம்பர்ல பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்துல மிஸ் வேர்ல்டு நடந்துச்சு. நடத்தினது அமிதாப் பச்சனோட ஏ.பி.சி.எல். கம்பெனி. 'கலாசாரம் கெடுது'ன்னு ஒரு கூட்டம், 'பெண்ணைப் பொருளாக்காதே'ன்னு இன்னொரு கூட்டம், கூடவே விவசாயிகள் சங்கம்னு எதிர்ப்பு கிளம்பிடுச்சு. மதுரையில ஒரு இளைஞர் தீக்குளிச்சு இறந்தே போனார். நீச்சல் உடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டு போனாங்க. போலீஸ் காவலுக்கு நடுவுல கிரீஸ் நாட்டுப் பொண்ணு ஐரீன் ஸ்க்லிவா கிரீடம் வாங்கினாங்க. நடத்தினவங்க பேசினாங்க, எதிர்த்தவங்க பேசினாங்க. மேடையில நின்ன பொண்ணுங்க என்ன நினைச்சாங்கன்னு நானும் தேடிப் பார்த்தேன். ஒண்ணும் சிக்கல.

படத்துல எனக்குப் பிடிச்ச இடமே அதுதான். கிரேஸி ஆரம்பத்துல அந்தப் பொண்ணுங்களை மதிக்கவே மாட்டா. மூளையே இல்லாத பொம்மைங்கன்னு நினைப்பு. கேள்வி-பதில் சுற்றுல ஆளாளுக்கு 'உலக அமைதி'ன்னு சொல்றப்போ நமக்கும் சிரிப்பு வரும். கிரேஸி மட்டும் பரோல் விதியை மீறுறவங்களுக்குக் கடுமையான தண்டனை வேணும்னு சொல்லுவா. அரங்கமே கப்சிப். உடனே உலக அமைதியையும் சேர்த்துக்குவா. கைதட்டல் பிச்சுக்கும்! ஆனா ராத்திரி அவங்ககூட உட்கார்ந்து பேசப் பேச, இவங்களும் படிக்கறாங்க, பயப்படறாங்க, இவங்களுக்கும் மோசமான அனுபவம் இருக்குன்னு புரியும். குண்டு வெச்சது யாருன்னு சொன்னா எடிட்டர் என்னை வெச்சிடுவாங்க. அதனால அது ரகசியம்.

இப்போ என் கதை. போன வருஷம் எங்க காலேஜ்ல 'மிஸ் ஃப்ரெஷர்' போட்டி. 'காமெடியா ஒரு ரிப்போர்ட் எழுது'ன்னு காலேஜ் மேகஸின்ல சொன்னதால, நானும் கிரேஸி மாதிரி மஃப்டியில கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். கையில நோட்டு, மனசுல திமிரு. எங்க பஸ்ல வர்ற ஜூனியர் ஒருத்தி மேடையில நிக்கறா. 'நாட்டுக்கு ஒரே ஒரு நல்லது செய்யலாம்னா என்ன செய்வீங்க?'ன்னு கேட்டாங்க. அவ தமிழ்ல சொன்னா: "எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸுக்கு அப்புறம் இன்னொரு பஸ் விடுவேன்."

பின்னாடியிருந்து ஒரு குரல்: "அப்போ அதுதான்டி கடைசி பஸ்!"

ஹாலே அதிர்ந்துச்சு. நடுவரும் சிரிச்சுட்டார். அந்தக் குரல் என்னோடதுதான் மக்கா. அன்னிக்கு ஹீரோ நான். நாலு பேர் ஹைஃபை கொடுத்தாங்க.

அன்னிக்கே, அதே கடைசி பஸ். ஏழூர் கூட்டம் ஒரே பஸ்ல. ரெண்டு பேரும் நின்னுட்டு வர்றோம். அவ மேக்கப்கூட கலைக்கல, அதே ஹை ஹீல்ஸ். நடுவழியில ஒரு ஆள் என் முதுகுல சாயறான். நகர்ந்தா அவனும் நகர்றான். ஹால்ல அப்படிக் கத்தின எனக்குத் தொண்டையில காத்துகூட வரல. அவ பார்த்தா. ஒண்ணும் பேசல. காலைத் தூக்கி, அந்த ஹீல்ஸால அவன் பாதத்துல ஒரே மிதி. "ஐயோ சாரிண்ணே, பிரேக் போட்டாங்களா, தெரியல"ன்னு அப்பாவியா ஒரு முகம் வேற! ஆள் அடுத்த ஸ்டாப்ல நொண்டிக்கிட்டே இறங்கினான்.

படத்துல கிரேஸி மேடையேறி தற்காப்பு சொல்லிக்கொடுப்பா. நெஞ்சுக்குழி, பாதம், மூக்கு, இடுப்புக்குக் கீழே. நாலு இடம். அதுல ரெண்டாவதை லைவ்வா பார்த்தாச்சு. படம் பார்க்கறப்போ அந்த சீன்ல எனக்குச் சிரிப்பே வரல.

நம்ம ஊர்லயும் ஒரு மஃப்டி கதை உண்டு. நாட்டோட முதல் பெண் ஐ.பி.எஸ். கிரண் பேடி, புதுச்சேரி துணைநிலை ஆளுநரா இருந்தப்போ, 2017 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி துப்பட்டாவால தலையை மூடிக்கிட்டு ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து டவுனைச் சுத்தினாங்க. பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு இருக்கான்னு பார்க்க. ராத்திரியிலயும் புதுச்சேரி பாதுகாப்பாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. ஹெல்மெட் போடலைன்னு சிலர் பிடிச்சுக்கிட்டது தனிக்கதை. ஸ்கூட்டர் சரி மேடம், அப்படியே எங்க ஊர்ப் பக்கம் வர்ற கடைசி பஸ்லயும் ஒருநாள் ஏறியிருக்கலாம்.

அந்த ரிப்போர்ட்டை நான் எழுதவே இல்ல. அவகிட்ட சாரி கேட்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. "நீதான் கத்தினேன்னு எனக்கு அப்பவே தெரியும். பஸ்ல தினமும் கேக்கற குரல்தானே"ன்னா. அவளுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினேன். கிரேஸி மூக்கால சிரிக்கிற சீன்ல இவளும் மூக்கால சிரிச்சா. ஆயாவுக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இந்த வருஷம் காலேஜ் டே வருது. "நீ பேர் கொடு, நான் கடைசி வரிசையில உட்கார்ந்துக்கறேன்"னு சொல்லியிருக்கா. பயமா இருக்கு மக்கா.