பச்சை மண்ணும் பாட்டனின் பீடியும்

விருத்தாசலத்தைச் சுற்றி வாழும் நம் மக்களுக்குக் களிமண்ணைப் பற்றி எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண்ணைக் குழைத்து அச்சில் வார்த்து, பொம்மையும் கோப்பையும் மின்கம்பிகளுக்கான பீங்கானும் செய்து பிழைத்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. சூளைக்குப் போகுமுன் பச்சையாய் இருக்கும் பாண்டத்தை அவர்கள் தொடும் விதத்தைக் கண்டிருக்கிறோம். விரல் சற்றே அழுந்தினாலும் தடம் விழுந்துவிடும். சூளையில் வெந்தபின் அத்தடத்தை எந்தக் கைத்திறனாலும் அழிக்க முடியாது. ஆகவேதான் அத்துணைக் கவனம்.

பிறந்த குழந்தையையும் நம் தாய்மார் 'பச்சை மண்' என்றே சொல்கிறார்கள். சொல்லில் நாம் ஞானிகளே. ஆனால் செயலில்?

நல்லூர்ப் பக்கம் பிள்ளை பிறந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பிள்ளை பார்க்க உறவெல்லாம் வந்திருக்கும். பெரியப்பா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பீடியைப் பற்ற வைப்பார். தாய்மாமன் தொட்டிலை ஒரு கையால் ஆட்டுவார்; மறு கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். பாட்டன் திண்ணையில் இழுத்து முடித்த வாயோடு வந்து பேரனை முத்தமிடுவார். குழந்தை இருமும். 'சளி பிடித்திருக்கிறது போலும், தலைக்கு ஊற்றியது சேரவில்லை' என்று பழி தாய்மீது விழும். அவளோ தலை குனிந்து நிற்பாள். பெரியவர்களிடம் பேசக்கூடாதல்லவா?

இங்கே நம் குற்றம் ஒன்றை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இளந்தாய் ஒருத்தி நம்மிடம் வந்தாள். தலைப்பிள்ளையை எடுத்துக்கொண்டு கணவன் வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதமே ஆகியிருந்தது. "சாமி, மாமா பீடி பிடித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்குகிறார். வேண்டாம் என்றேன். 'படித்த திமிர்' என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள். நாம் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "பொறுத்துக்கொள் மகளே, பெரியவர் மனம் நோகக்கூடாது. குடும்பத்தில் சமாதானம் முக்கியம்" என்றோம். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். சில வாரங்களுக்குப் பின் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் கிடந்த அக்குழந்தையைப் பார்க்கப் போனபோது அவள் நம்மைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் நமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். குழந்தை பிழைத்தது, அது இறைவனின் இரக்கம். அந்நோய்க்குப் புகை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அத்தாய் உதவி கேட்டு வந்த நாளில் நாம் கொடுத்தது சமாதானம் அன்று, கோழைத்தனம். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

பிறர் விடும் புகை தீங்கு செய்யுமா என்னும் ஐயத்துக்கு இன்று இடமில்லை. ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் எவ்வளவு மிகுதியாகப் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவியின் நுரையீரலில் புற்றுநோய் வாய்ப்பும் மிகுந்திருந்தது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2006இல் வெளியிட்ட அறிக்கை, பிறர் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை எனத் தெளிவாகக் கூறியது. சன்னலைத் திறப்பதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் போதா என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. குழந்தைகளுக்கு நேரும் தீமைகளாக அவ்வறிக்கை சுட்டுபவை: மார்புச்சளிக் காய்ச்சல், காதில் சீழ், கடுமையாகும் ஆஸ்துமா, உறக்கத்திலேயே நேரும் திடீர் மரணம்.

காரணம் எளிது. பெரியவர் நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சு விடும் வேளையில் பச்சிளங்குழந்தை ஏறத்தாழ நாற்பது முறை விடுகிறது. அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நமக்குப் புகை பிடிக்காவிட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறோம். தொட்டிலில் கிடப்பது எங்கே போகும்? புகையில் கலந்த நஞ்சு சட்டையிலும் தலைமயிரிலும் மெத்தையிலும் படிந்து நிற்கிறது. தோளில் சாய்ந்து துணியைச் சப்பும் குழந்தை அதையும் உட்கொள்கிறது.

இதையெல்லாம் சொன்னால் நம்மவர் சில விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நாங்களும் இந்தப் புகையில்தான் வளர்ந்தோம், செத்தா போனோம்?" என்பது முதல் விடை. போனவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். நம் கல்லறைத் தோட்டங்களில் பெயர் எழுதப்படாத சிறு மேடுகள் எத்தனை? அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று யார் கணக்கு வைத்தார்? பிழைத்தவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பிடுவது நீதியாகாது.

"விறகடுப்பும் புகைகிறது, குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணியும் போடுகிறோம், அதற்கு என்ன?" என்பது இரண்டாவது. நல்ல கேள்வி. அந்தப் புகையும் குழந்தைக்கு ஆகாது என்றே மருத்துவர் கூறுகின்றனர். அடுப்பை அகற்றுவதும் தூபக்காலை விலக்கி வைப்பதும் நம் கடமையே. ஆனால் ஒரு தீங்கு மற்றொரு தீங்குக்கு நியாயம் ஆவதில்லை. சூளைக்குக்கூடப் புகைபோக்கி வைக்கும் ஊர்க்காரர் நாம். தொட்டிலுக்கு மேலே புகைபோக்கி உண்டோ?

"பாவம், நாளெல்லாம் சூளையில் வெந்தவர், இருக்கும் ஒரே சுகம் இது" என்பது மூன்றாவது. இதை நாம் இகழவில்லை. உழைப்பாளியின் களைப்பை அறிவோம். பீடி பிடிப்பவர் தீயவர் என்றும் கருதவில்லை. பேரனுக்காக உயிரையும் தருவார் அந்தப் பாட்டன். உயிரைத் தர வேண்டாம். எழுந்து வேலிப்படல்வரை நடந்தால் போதும் என்கிறோம்.

நான்காவதே எல்லாவற்றினும் வலிமை வாய்ந்தது. "பெரியவரை எதிர்த்துப் பேசலாமா? தாய் தந்தையரை மதி என்பது கட்டளையல்லவா?" என்று கேட்கிறார்கள். ஆம், அது நான்காம் கட்டளை. ஐந்தாம் கட்டளை கொலை செய்யாதே என்பது. நான்காவதைக் காட்டி ஐந்தாவதை மீறச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மதிப்பு என்பது பெரியவரின் பழக்கத்துக்குப் பிள்ளையைப் பலியிடுவதன்று. பெரியவரிடம் உண்மையைப் பணிவோடு சொல்லும் துணிவும் மதிப்பின் ஒரு முகமே. சிறியோருக்கு இடறலாய் இருப்பவரைக் குறித்து நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் படித்துக்கொள்ளுங்கள். புகையிலையில் மிதமிஞ்சுவதைத் தன்னடக்கத்துக்கு எதிரானவற்றுள் ஒன்றாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் எண்ணுகிறது. கோவிலுக்குள் புகையிலை பயன்படுத்துவோரைத் திருத்தந்தை எட்டாம் உர்பான் 1642இலேயே செவில் மறைமாவட்டத்துக்கு எழுதிக் கண்டித்தார். வத்திக்கானில் சிகரெட் விற்பனையை 2018 முதல் நிறுத்த 2017இல் ஆணையிட்டவர் திருத்தந்தை பிரான்சிஸ். கற்கோவிலில் ஆகாதது, தூய ஆவியின் உயிருள்ள கோவிலாகத் திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் முன் ஆகுமோ?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. கோட்டயத்துக் கல்லூரிப் பேராசிரியை மோனம்மா கோக்காட் மனுதாரர்களுள் ஒருவராக இருந்த வழக்கில், பொது இடத்தில் புகைப்பது பிறரது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று கேரள உயர்நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2001இல் நாடு முழுவதற்கும் தடை விதித்தது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இறுக்கப்பட்டன. மீறினால் இருநூறு ரூபாய்வரை தண்டம். ஆக, பேருந்தில் முன்பின் தெரியாதவருக்குக் காவல் உண்டு. வீட்டுக்குள் நம் இரத்தத்துக்கு இல்லை. சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 2016-17இல் நடந்த நாடளாவிய புகையிலை ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர் தம் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கின்றனர். 2009-10இல் இது 52 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது, மகிழ்கிறோம். எஞ்சிய வீடுகளில் வாசற்படிக்கு உள்ளே சட்டமாய் நிற்க வேண்டியவர் யார்?

தந்தையே. தாயன்று என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். மருமகள் சொன்னால் அது திமிராகிவிடுகிறது. மகன் சொன்னால் அது பொறுப்பு. தன் தகப்பனிடம் தான் பேசாமல் மனைவியை முன்னே தள்ளிவிட்டு ஒதுங்கும் இளைஞனைக் கேட்கிறோம்: வளனாரை நீ வணங்குவதன் பொருள் என்ன? வீரமாமுனிவர் காப்பியம் பாடிப் போற்றியது அந்த வளனாரைத்தானே! முனிவர் எழுப்பிய கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையிடம் பிள்ளை வரம் கேட்டு நம் வட்டாரமே நடக்கிறது. அந்த அன்னையின் குழந்தைக்கு ஆபத்து என்றறிந்த இரவில் வளனார் உறவினர் மனம் நோகுமே என்று எண்ணிக்கொண்டிருந்தாரா? பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு நாட்டையே விட்டுப் புறப்பட்டார். உன்னை எகிப்துக்குப் போகச் சொல்லவில்லை. திண்ணைவரை போய், "அப்பா, பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம். வெளியே பிடித்துவிட்டு, கை வாய் கழுவி, சட்டை மாற்றி வந்து தூக்குங்கள்" என்று சொன்னால் போதும். கேட்காவிட்டால் பிள்ளையை வாங்கிக்கொள். சீர் கொண்டுவந்த மாமனாயினும் சரி, ஊர்ப் பெரியவராயினும் சரி. சில நாள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சுளித்த முகம் மீண்டும் மலரும்.

இறுதியாக நம் இனத்தாருக்கு, அதாவது குருக்களுக்கு, ஒரு சொல். வீடு சந்திக்கச் செல்லும்போது சிகரெட்டோடு கூடத்தில் அமரும் சாமியார் பாட்டனுக்கு என்ன போதிக்க முடியும்? திருமுழுக்குக்கு முன் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் அழைத்துப் பேசும்போது இதையும் பேசுவோம். அலகையை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கும் நாம், தொட்டிலருகே தீக்குச்சி உரசுவதை விட்டுவிடுகிறீர்களா என்றும் கேட்போம். நம் பங்கில் இனி அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறோம்.

அந்த இளந்தாய் இன்னும் நம் பங்கில்தான் இருக்கிறாள். அடுத்த முறை அவளோ அவளைப் போன்ற ஒருத்தியோ வந்து கேட்டால், "பொறுத்துக்கொள்" என்று சொல்ல மாட்டோம். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு அவள் வீட்டுத் திண்ணைக்கு நடப்போம்.