பூனைக்கு நாட்டு மருந்து கேக்காதீங்க

"மூணு மாசப் பெர்சியன் குட்டி, ரெண்டு நாளா கழியுது, வாந்தி வேற. நாட்டு மருந்து சொல்லுங்கண்ணே"ன்னு சென்னையில இருந்து போன் வருது. மாடு வச்சிருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு.

மாட்டுக்கு வயிறு உப்புனா பூண்டு அரைச்சுக் குடுப்போம். அதே பூண்டும் வெங்காயமும் பூனைக்கு விஷம், ரத்தச் சிவப்பணுவை அழிச்சிரும். நாம போடுற பாரசிட்டமால் ஒரு மாத்திரை போதும், உயிரே போயிரும். பாலும் வேண்டாம், கழிச்சல் கூடத்தான் செய்யும்.

குடல்புழுவா இருக்கலாம், தீனி மாத்துனதா இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டின்னா பான்லுகோபீனியா வைரஸாவும் இருக்கலாம். அது சில நாள்லயே குட்டியைக் கொண்டுபோயிரும். எதுன்னு போன்ல நான் எப்படிச் சொல்ல? உடம்புல தண்ணி வத்துறதுக்குள்ள டாக்டர் பாத்தாகணும்.

அல்லிநகரத்துல இருக்கிற எங்களுக்கே பக்கத்துல தப்புக்குண்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருச்சு. உங்களுக்கு 1903-ல தொடங்குன கல்லூரியே வேப்பேரியில இருக்கு. ஆயிரக்கணக்குல குடுத்து ஜாதிப்பூனை வாங்குறவங்க, தடுப்பூசிக்கும் டாக்டருக்கும் ஆகுற செலவையும் அந்த விலையோட சேத்துத்தான் கணக்குப் போடணும். (எங்க களத்துப் பூனைக்கு எலிதான் சம்பளம்.) போறப்ப கழிச்சலையும் ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, சோதிச்சுப் பாப்பாங்க.