சிப்பாயின் பெயர் எங்கே?

இராக்கில், பாஸ்ராவிலிருந்து நாசிரியா செல்லும் சாலையோரப் பாலைவெளியில் ஒரு போர் நினைவிடம் இருக்கிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியக் களத்தில் இறந்து, புதைத்த இடம் தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது அது. பிரிட்டிஷ் படையினரின் பெயர்கள் கடைசிச் சிப்பாய்வரை அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் படைப்பிரிவுகளின் பகுதியில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் உண்டு. அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். அப்படி எண்ணிக்கையாக நிற்கும் இந்தியர்கள் முப்பதாயிரத்துக்கும் அதிகம்.

முதல் உலகப் போரில் பணியாற்றிய இந்தியர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். அவர்களில் சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டுமல்ல, கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்கள், சமையல்காரர்கள், பாலமும் பதுங்குகுழியும் அமைத்தவர்கள் என எல்லோரும் இதில் அடக்கம். படைப் பொறியாளர்களான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவின் தமிழர்களும் மெசபடோமியாவில் இருந்தார்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கப்பட்டபோது, பதவி, இனம், மதம் பாராமல் இறந்தவர் அனைவருக்கும் ஒரே மரியாதை என்பதையே தன் கொள்கையாக அறிவித்தது. 2021 ஏப்ரலில் அதே ஆணையம் வெளியிட்ட அறிக்கை உண்மையை ஒப்புக்கொண்டது. இந்தியா, கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கா, எகிப்து போன்ற பகுதிகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டன் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. போர் முடிந்து நூறு ஆண்டுகள் கடந்த பிறகு வந்த மன்னிப்பு அது.

வெள்ளையர் ஆட்சியின் பாகுபாடு என்று இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பதவியில் உயர்ந்தவரின் பெயரை ஏந்திக்கொண்டு, கீழே இருந்தவரை எண்ணிக்கையில் கரைத்துவிடும் பழக்கம் விடுதலைக்குப் பிறகும் தொடர்கிறது. கல்லில் விட்டுப்போன பெயர், இன்று கோப்பில் விட்டுப்போகிறது.

நாய்க்கும் பெயர் பொறித்த மண்

தமிழ் மண்ணின் மரபு இதற்கு நேர் எதிரானது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கூடலூரில் நடந்த ஆநிரைப் போரில் இறந்த ஒருவனின் பெயரை அவற்றில் ஒரு கல் சொல்கிறது. அவன் மன்னனோ தளபதியோ அல்லன். மாடு மீட்கவோ கவரவோ போன இடத்தில் மடிந்த ஓர் ஊர்க்காரன். பல்லவர் காலத்தில் செங்கம் பகுதியில் நடப்பட்ட கற்கள் மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் பட்ட விதம் என்று வரிசையாகக் குறிப்பிடுகின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதே மண்ணில், வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், வேறு வகையான கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. 1914இல் தொடங்கிய போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது அது. அந்த 14 பேர் யார் என்று சொல்லவில்லை. பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் இதே வாசகத்துடன் கற்கள் உண்டு. எண்கள் மட்டும் மாறும்.

பெயர்களைத் தேடினால் கிடைக்கும் என்பதற்குப் பஞ்சாப் சாட்சி. அந்த மாகாணத்திலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்ற சுமார் 3,20,000 பேரின் விவரங்கள், ஊர் வாரியாக, 26,000 பக்கங்களில், லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் தீண்டுவாரின்றிக் கிடந்தன. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபு அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் கைகோத்து அவற்றில் ஒரு பகுதியை 2021 நவம்பரில் இணையத்தில் ஏற்றின. கொள்ளுத் தாத்தாவின் பெயரை ஊர்ப் பெயரோடு தேடிக் கண்டடையும் வாய்ப்பு பல குடும்பங்களுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு முயற்சி அரசின் திட்டமாக உருவெடுக்கவில்லை.

பதக்கத்துக்குப் பிறகும் வாசலில்

பதக்கம் பெற்றவர்களாவது மதிக்கப்பட்டார்களா? ஹரியானாவின் பல்ரா கிராமத்து உம்ராவ் சிங்கின் கதை அதற்குப் பதில். 1944 டிசம்பரில் பர்மாவின் கலாதான் பள்ளத்தாக்கில் ஒரு பீரங்கியைக் காத்து நின்ற ஹவில்தார் அவர். குண்டுகள் தீர்ந்ததும் பீரங்கிக்குரிய இரும்புத் தண்டையே ஆயுதமாக்கி மோதினார். ஆறு மணி நேரம் கழித்து அந்த இடம் மீட்கப்பட்டபோது, தலையில் ஏழு பெரும் காயங்களோடு பீரங்கியின் அருகே கிடந்தார். சுற்றிலும் எதிரிகள் பத்துப் பேரின் உடல்கள். அவர் காத்த பீரங்கி அன்றே மீண்டும் முழங்கியது. இதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் தரப்பட்டது.

பின்னாளில் ஊர் திரும்பி, தன் சிறு நிலத்தில் உழுது வாழ்ந்தார். வறுமையிலும் பதக்கத்தை விற்க மறுத்தார். 1995இல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக லண்டன் சென்றவரை, முக்கிய விருந்தினர் கூடாரத்தின் வாசலில் பட்டியலில் பெயர் இல்லை என்று தடுத்தார்கள். அவர் மார்பிலிருந்த பதக்கத்தை அடையாளம் கண்ட ஒரு பிரிகேடியர் தலையிட்ட பிறகே உள்ளே போக முடிந்தது. விக்டோரியா கிராஸ் பெற்றவர்களுக்கான ஆண்டுத் தொகை எவ்வளவு சொற்பமானது என்று அந்தப் பயணத்தில் பிரதமர் ஜான் மேஜரிடம் நேரிலேயே முறையிட்டார். அந்த ஆண்டே தொகை உயர்ந்தது.

இந்தியா தன் வீரர்களை நடத்திய விதத்துக்கு முரளிகாந்த் பெட்கர் ஓர் எடுத்துக்காட்டு. ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவில் சாதாரண ஜவான். 1965 போரில் பல குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான். பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது 2018இல். இடையில் 46 ஆண்டுகள்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது பாய்ந்து விழுந்து தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பால் வெட்டிய கைகள்

இந்திய தேசிய ராணுவத்தின் கதை இன்னும் கசப்பானது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் அந்தப் படையில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படைப்பிரிவில் சேர்ந்த பெண்களிலும் பெரும்பான்மையினர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணால் கண்டிராத இளம்பெண்கள் அவர்களில் ஏராளம். தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமிக்கு 1998இல் பத்ம விபூஷணும், அதே படைப்பிரிவின் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. தகுதியான விருதுகளே. அவர்களுக்குப் பின்னால் அணிவகுத்து நடந்தவர்களோ மறுபடியும் தோட்டத்துக்கே திரும்பினார்கள்.

விடுதலை பெற்ற இந்தியா அந்தப் படையினரைத் தன் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல் வந்தது. அதிலும் சிறைச் சான்று, உடன் இருந்த கைதியின் சான்று என்று கேட்டார்கள். பர்மாவில் பிடிபட்டு எங்கெங்கோ அடைக்கப்பட்டு வெளியே வந்த ஓர் எழுத்தறியாத தொழிலாளி, எந்த ஆவணத்தை எங்கே போய்த் தேடுவார்? தாமதமாக விண்ணப்பித்தார் என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 1993இலும், குற்ற வழக்கில் கேட்பது போன்ற ஆதாரத்தை இவர்களிடம் கேட்கக் கூடாது என்று 2001இலும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. டெல்லி குடியரசு நாள் அணிவகுப்பில் அந்தப் படையின் மூத்த வீரர்கள் நால்வர் முதல் முறையாக இடம்பெற்றது 2019இல்தான். அவர்கள் தொண்ணூறைத் தாண்டியிருந்தார்கள்.

பதினைந்து ஆண்டுக் கோடு

இந்திய ராணுவத்தில் ஒரு ஜவான் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நான்கைந்து ஆண்டுகள் பாலைவனத்திலும் காட்டிலும் கிடந்து போரிட்டவர்களின் கையில் மிஞ்சியது ஒரு டிஸ்சார்ஜ் புக் மட்டும். ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசு தந்துவந்த மாத உதவி 4,000 ரூபாய். அது 8,000 ஆனதே 2025 நவம்பரில்தான்.

ஊனமுற்றவர்களின் பாடு வேறு. 1985இல் சிப்பாயாகச் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோய் வந்ததால் 1994இல் மெடிக்கல் போர்டு மூலம் அனுப்பப்பட்டார். நோய் பணியால் வந்ததல்ல என்று ஊன ஓய்வூதியத்தை மறுத்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நல்ல உடல்நிலையில் இருந்தவருக்குப் பின்னர் நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்பதே தீர்ப்பின் சாரம். வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க அவர் 19 ஆண்டுகள் காத்திருந்தார்.

பணம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. 2025-26 பாதுகாப்பு நிதிநிலை 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. சிறிய தொகையல்ல என்பது உண்மை. ஆனால், ஓய்வூதியமே இல்லாத முதியவர்களும் அவர்களின் மனைவியரும் இந்தக் கணக்கின் ஓரத்தில் இருப்பவர்கள். உலகப் போரைக் கண்டவர்கள் நூறை நெருங்கிவிட்டார்கள். ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இவர்களிடம் சிக்கனம் பார்த்து எந்த நிதிநிலையும் நிமிரப்போவதில்லை.

இது கடந்த காலப் பிரச்சினை மட்டும் அல்ல. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களில் 25 விழுக்காட்டினர் வரைதான் பணியில் தொடர முடியும். மற்றவர்கள் நான்கு ஆண்டு முடிவில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறுவார்கள். முதல் அணிகள் வெளியே வரும் காலம் 2026இன் இறுதி. போரில் இருந்துவிட்டு ஓய்வூதியம் இல்லாமல் திரும்பிய 1946ஆம் ஆண்டின் தலைமுறையை நாடு எப்படிக் கைவிட்டது என்பதை இப்போதாவது படிக்க வேண்டும். இந்த இளைஞர்களுக்கு வேலை, மருத்துவம், பதிவேடு ஆகிய மூன்றுக்கும் அரசுகள் இன்றே எழுத்துபூர்வமாகப் பொறுப்பேற்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியவையும் தெளிவானவை. இரண்டு உலகப் போர்களுக்கும், இந்திய தேசிய ராணுவத்துக்கும் சென்றவர்களின் பெயர்களை மாவட்டவாரியாகத் திரட்டும் பணியை ஆவணக் காப்பகத்திடமும் பல்கலைக்கழகங்களிடமும் ஒப்படைக்கலாம். சுப்பிரமணியனைப் போன்றவர்களைப் பாடநூலில் சேர்க்கலாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் விண்ணப்பத்துக்காகக் காத்திராமல், வீடு தேடிச் சென்று பதிவு செய்யலாம். மத்திய அரசு, 2013 தீர்ப்பு பொருந்தும் வழக்குகளில் ஊனமுற்ற சிப்பாய்களுக்கு எதிராக மேல்முறையீடு செய்வதை நிறுத்த வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கோ பதக்கமோ இருந்தால் அதைப் படமெடுத்து, அவர் பெயர், படைப்பிரிவு, போன இடம் ஆகியவற்றை எழுதிவைத்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் கொடிநாள் வருகிறது. அன்று உண்டியலில் பணம் போடுவதோடு நிற்காமல், உங்கள் தெருவில் ஓய்வூதியம் இல்லாமல் வாழும் பட்டாளத்துக்காரரோ அவர் மனைவியோ இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.