துப்பாக்கியையும் விசாரியுங்கள்

ஒளித்து வைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்காகக் கைதி அழைத்துச் செல்லப்பட்டான், வழியில் பொலிஸ் உத்தியோகத்தரின் கைத்துப்பாக்கியைப் பறிக்க முயன்றான், இழுபறியிலே வெடி தீர்ந்தது, கைதி மாண்டான். பொலிஸ் காவலில் நேரும் மரணங்களைக் குறித்து இந்நாட்டு மக்கள் மீண்டும் மீண்டும் கேட்டுவரும் கதை இது. 2021 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் காவலிலிருந்த இருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் வெளிப்படையாகவே கண்டித்தது. கொழும்புப் பக்கத்துச் செய்திதானே என்று அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ளோர் வாளாவிருத்தல் ஆகாது.

மலையகம் பொலிஸாரின் குண்டை அறியாத மண்ணன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் வீழ்ந்தார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் மக்கள் திரண்டபோது சிவனு லெட்சுமணன் வீழ்ந்தார். அவ்விரு மரணங்களும் மக்கள் கண்முன் நிகழ்ந்தவை. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா விசாரணையில் தோன்றி வாதாடியபோது, கண்டதைக் கூறத் தொழிலாளர் இருந்தனர். காவலில் நேரும் மரணத்துக்கோ அத்தகைய சாட்சி இல்லை. ஒருவர் மாண்டவர், மற்றவர் சுட்டவரும் அவருடன் நின்றவரும். எஞ்சிய சாட்சி அந்தத் துப்பாக்கி ஒன்றே.

விசையை அழுத்தினால் கைத்துப்பாக்கி எந்த நிலையிலும் வெடிக்கும் என்பது திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை. உண்மை வேறு. தானாக ரவையேற்றும் கைத்துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் உறை ஒன்றுண்டு. அது முற்றாக மூடியிருந்தாலன்றித் துப்பாக்கி வெடியாது. கட்டிப்பிடித்துப் போராடும்போது முனை எதிரியின் உடலில் அழுந்தினால், பல வகைத் துப்பாக்கிகளில் அவ்வுறை சிறிது பின்தள்ளப்படும். விசைக்கும் உள்ளே அடிக்கும் கருவிக்கும் உள்ள தொடர்பு உடனே அறுந்துவிடும். உறையை ஒருவன் இறுகப் பற்றியிருந்தால் முதல் ரவை வெடிக்கலாம். ஆனால் வெற்றுக் கூடு வெளியேறாது உள்ளேயே தங்கிவிடக்கூடும். அப்பொழுது அடுத்த வெடி தீராது. பழைய சுழல் துப்பாக்கியிலோ, விசையை இழுக்கையில் ரவைகள் அடங்கிய உருளை திரும்புதல் வேண்டும். உருளையை ஒரு கை இறுகப் பிடித்தால் விசை நகராது. அடிப்பான் முன்னரே பின்னிழுத்து வைக்கப்பட்டிருந்தால் மட்டும் அது வெடிக்கும். பாதுகாப்புப் பூட்டு விடுவிக்கப்படாமையும், குழலில் ரவை ஏற்றப்படாமையும் வேறு காரணங்கள்.

இவற்றால் பெறப்படுவது யாது? இழுபறியில் வெடித்தது என்ற கூற்று சோதித்தறியக்கூடியது. ஒருவன் துப்பாக்கியைப் பற்றியிருக்கும்போதே அது மும்முறை வெடித்தது எனின், எப்படி வெடித்தது என்று கேட்க வேண்டும். வெற்றுக் கூடுகள் எங்கே கிடந்தன? ஒன்றேனும் உள்ளே சிக்கியிருந்ததா? இறந்தவரின் கைகளிலும் உடையிலும் வெடிமருந்துப் புகை படிந்துள்ளதா? காயம் கூறும் தூரம் எவ்வளவு? விலங்கிடப்பட்டவனின் கைக்கு எட்டும் இடத்தில், ரவையேற்றிய துப்பாக்கி ஏன் இருந்தது?

பொலிஸார் கூறுவதெல்லாம் பொய் என்பது எமது வாதமன்று. முனை உடலைத் தொட்ட நிலையிலும் துப்பாக்கி வெடிப்பதுண்டு. கடமையில் உண்மையாகவே தாக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், வேண்டிய வேளையில் வெடியாத துப்பாக்கி ஆபத்தே. அத்தகையவருக்கு நேர்மையான சோதனை அரணாகும். சோதனைக்கு அஞ்ச வேண்டியவர் யார் என்பதை வாசகர் அறிவர்.

நீதிமன்றத்தின் கட்டளையாலன்றி எவரும் மரண தண்டனைக்கு உட்படலாகாது என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. காவலில் நேர்ந்த மரணத்தை நீதவான் விசாரித்தல் வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம். சட்டம் உண்டு, கேட்பார் வேண்டும். லயன் அறையில் வாழும் தாய்க்கு, பிணத்தைப் பெற்று அடக்கஞ் செய்வதே பெரும்பாடாக இருக்கையில், துப்பாக்கியைப் பற்றி யார் வினவுவார்?

ஆகவே நாம் கோருவது இது. சுட்ட துப்பாக்கி, அது இருந்த நிலையிலேயே முத்திரையிடப்பட்டு, அதே நிலையத்தார் கையில் விடப்படாமல், நீதவானின் கட்டளைப்படி அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் செல்லுதல் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் அப்பகுப்பாய்வும் அருகருகே வைத்து வாசிக்கப்படுதல் வேண்டும். விசாரணை சிங்களத்தில் நடப்பினும், குடும்பத்தார் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் இருத்தல் வேண்டும். மலையகத்துச் சட்டத்தரணிகள், கட்டணம் நோக்காது, முதல் நாளிலேயே அக்குடும்பத்துக்காக எழுந்து நிற்றல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சந்தா வாங்குவதோடு அமையாமல் அவர்களை அழைத்து வருதல் வேண்டும்.

மாண்டவன் பேசமாட்டான். துப்பாக்கி பேசும். அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நமது கடமை.