தீட்டுவார் எங்கே?

மழிக்கும் கத்தியைத் தோல்வாரில் தீட்டும் ஓசை முன்னைத் தலைமுறையினர் நன்கறிந்த ஓசை. இன்றோ முடிதிருத்தகங்களில் அவ்வார் தொங்குவதே அரிதாயிற்று. கருவி போனால் போகட்டும். அதனோடு அறிவும் சொல்லும் போவதைத் தமிழர் உணர்ந்தாரில்லை.

வாரில் தீட்டுவது வெறும் தேய்ப்பன்று. கல் எஃகைத் தேய்த்துக் கூராக்கும். அப்போது வாயோரத்தில் மெல்லிய பிசிர் நிற்கும். அப்பிசிரை நீக்கி, வளைந்த நுண்விளிம்பை நேராக்கி, மெருகேற்றுவது தோல். கத்தியின் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர இழுத்தல் வேண்டும். திருப்புங்கால் முதுகின்மேலேயே புரட்டுதல் வேண்டும். வாய் முன்சென்றால் தோல் அறுபடும், கூரும் கெடும். அழுத்தம் மிகுந்தாலோ தோல் குழிந்து கூரை மழுக்கும்.

எஃகைவிட மயிர் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் அம்மயிரே கூர்வாயைச் சில்லுச்சில்லாகப் பெயர்க்க வல்லது என்பதை அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் கண்டு வெளியிட்டனர். நாளும் மயிரோடு பொரும் கத்திக்கு நாளும் பேணுகை வேண்டும் என்பதை ஏடறியாக் கைகள் என்றோ அறிந்திருந்தன. கூர் தீட்டிய அக்கைகளுக்கே ‘தீட்டு’க் கற்பித்து ஒதுக்கிய குமுகாயம், அவ்வறிவை அறிவென்றே மதித்ததில்லை!

1904-இல் கில்லெட்டு என்னும் அமெரிக்கர் எறிதகட்டு மழிகருவிக்குக் காப்புரிமை பெற்றார். தீட்டும் பழக்கம் தேய்ந்தது. எறியும் பழக்கம் வளர்ந்தது. பலருக்கு மழிக்குமிடத்தில் ஆளுக்கொரு புதுத்தகடு இடுவது குருதிவழி நோய் பரவாமைக்கு இன்றியமையாததே. அதனை மறுப்பது அறிவுடைமையாகாது. ஆனால் அடுக்களைக் கத்திக்கும் தச்சர் உளிக்கும் அத்தடை ஏது? மழுங்கியதை எறிந்து புதியது வாங்குவானேன்? கல்லும், மரத்துண்டில் ஒட்டிய ஒருசாண் தோலும் போதுமன்றோ!

சொல்லின் நிலையும் அதுவே. அலகு, வாய், முதுகு, பிசிர், வார் – அத்தனையும் தமிழ். கையிலுள்ள இவற்றை விடுத்து அயற்சொல்லைக் கடன்வாங்குவதும், தொழிலாளரைக் கேளாமல் இருந்த இடத்திலேயே புதுச்சொல் புனைவதும் ஒருங்கே வீண். கலைச்சொல் தொகுப்போர் முதற்கண் பட்டறைக்கும் முடிதிருத்தகத்திற்கும் செல்க! மூத்த கைகள் ஓயுமுன் கேட்டு எழுதுக! தீட்டாத கத்தியும் வழங்காத சொல்லும் ஒருபோலத் துருவேறும்.