எதிரணியில் ஒரு தோழன்

விளையாட்டு மனிதரை ஒன்றுபடுத்தும் என்பது நாம் விழாதோறும் கேட்கும் வாசகம். பரிசு வழங்க வரும் சிறப்பு விருந்தினர் அதைச் சொல்வார். நன்றி நவில்பவரும் சொல்வார். நாமும் கைதட்டிவிட்டுக் கலைந்து செல்வோம். ஆனால் விளையாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்க்கு இந்த வாசகத்தை அப்படியே ஏற்க மனம் வராது. வெள்ளையரை மட்டுமே அணியில் சேர்ப்போம் என்று பிடிவாதம் பிடித்த தென்னாப்பிரிக்கா, 1964 முதல் 1992 வரை ஒலிம்பிக் பந்தயங்களுக்கு வெளியே நின்றது. 1972இல் மியூனிக் நகரில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டனர். 1980இல் மாஸ்கோவுக்கு அமெரிக்கா செல்லவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சோவியத் யூனியன் செல்லவில்லை. திடலும் கொடியும் கைதட்டலும் இருந்தால் மட்டும் ஒற்றுமை வந்துவிடும் என்றால் இவையெல்லாம் நடந்திருக்குமா?

எனவே விளையாட்டு தானாக எவரையும் ஒன்றுபடுத்துவதில்லை என்பதே என் கருத்து. அது இரு மனிதரை எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் நடப்பது அந்த இருவரின் கையில் இருக்கிறது. அவர்களுள் ஒருவன் கை நீட்ட வேண்டும். நீட்டுகிற அந்தக் கைக்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவனைத்தான் பெருந்தன்மை உடைய வீரன் என்று சொல்ல வேண்டும்.

பெர்லினில் இரு இளைஞர்

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை ஹிட்லரின் அரசு தன் இனப்பெருமையைப் பறைசாற்றும் திருவிழாவாகவே நடத்தியது. அங்கே ஆகஸ்ட் 4ஆம் நாள் நீளம் தாண்டும் போட்டி. அமெரிக்காவின் ஜெஸ்ஸி ஓவன்ஸும் ஜெர்மனியின் லூஸ் லாங்கும் மோதினர். இருவரும் 1913இல் பிறந்தவர்கள்; நம்மைப் போல் கல்லூரிப் பருவத்தினர். ஓவன்ஸ், அலபாமாவின் பருத்திக் காட்டில் பிறந்த குத்தகை விவசாயியின் மகன். அடிமைகளாய் வாழ்ந்தவர்களின் பேரன். லாங், லைப்சிக் நகரில் சட்டம் பயின்ற மாணவர். பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக, நாஜிகள் போற்றிய தோற்றத்துக்கே இலக்கணமாய் இருந்தவர்.

ஐந்தாம் தாண்டலில் லாங் 7.87 மீட்டர் தாண்டி ஓவன்ஸைச் சமன் செய்தார். அரங்கம் அதிர்ந்தது. அடுத்து ஓவன்ஸ் 7.94 மீட்டர், இறுதித் தாண்டலில் 8.06 மீட்டர்! தங்கம் ஓவன்ஸுக்கு, வெள்ளி லாங்குக்கு, வெண்கலம் ஜப்பானின் நவோடோ தாஜிமாவுக்கு. தோற்றவுடன் லாங் செய்தது என்ன? எல்லோருக்கும் முன்பாக ஓடிச் சென்று ஓவன்ஸை வாழ்த்தினார். பிறகு அந்தக் கறுப்பின இளைஞரோடு கைகோத்துத் திடலில் நடந்தார். புல்தரையில் இருவரும் அருகருகே படுத்துப் பேசும் புகைப்படம் இன்றும் நம் கண்முன் இருக்கிறது.

தகுதிச் சுற்றில் ஓவன்ஸ் இருமுறை தவறியபோது, எங்கே கால் ஊன்றித் தாண்ட வேண்டும் என்று லாங்கே யோசனை சொன்னார் என்றொரு கதை உண்டு. ஓவன்ஸே அதைப் பலகாலம் சொல்லிவந்தார். ஆயினும் அது நடந்ததா என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். அந்தக் கதை இல்லாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை என்பேன். யோசனை சொல்வது எவரும் காணாமல் செய்யக்கூடியது. லாங் செய்ததோ, ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கில், இனவெறியையே சட்டமாக்கிய ஓர் அரசின் கண்ணெதிரே! முந்தைய ஆண்டுதான் அந்த அரசு நியூரம்பர்க் சட்டங்களை இயற்றி யூதரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கைகோத்து நடந்தது ஏட்டில் எழுதிவைத்த எந்தச் சொற்பொழிவையும்விடப் பெரிது அன்றோ?

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மனி மட்டுமே குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. ஓவன்ஸ் பயின்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், கறுப்பர் என்பதால் அவருக்கு விடுதியில் இடமில்லை, வெளியேதான் தங்கினார். நான்கு தங்கப் பதக்கங்களோடு நாடு திரும்பியவரை அதிபர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை. நியூயார்க்கின் பெரிய ஓட்டல் ஒன்றில் அவருக்கே நடந்த பாராட்டு விழாவுக்குச் சரக்கு ஏற்றும் மின்தூக்கியில்தான் அவர் செல்ல நேர்ந்தது. அமெரிக்க அணியிலும் களங்கம் இருந்தது. தொடரோட்டத்திலிருந்து கிளிக்மன், ஸ்டோலர் என்னும் யூத வீரர் இருவர் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டு, அவர்களின் இடத்தில் ஓவன்ஸும் மெட்காஃபும் சேர்க்கப்பட்டனர். அப்போது, தாம் வேண்டிய அளவு வென்றுவிட்டதாகவும் அவர்களையே ஓடவிடுமாறும் ஓவன்ஸ் வாதாடினார் என்று கிளிக்மனே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தக் குரல் எடுபடவில்லை. ஆனால் எழுந்தது.

லாங் பின்னர் இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, 1943 ஜூலையில் சிசிலித் தீவில் போர்க்காயத்தால் இறந்தார். வயது 30. தம் பதக்கங்களையும் கோப்பைகளையும் உருக்கினாலும் லாங்கின் நட்புக்கு முலாம் பூசவும் காணாது என்ற கருத்தில் ஓவன்ஸ் பிற்காலத்தில் பேசினார். போருக்குப் பின் ஜெர்மனி சென்று லாங்கின் மகனையும் கண்டு பழகினார்.

தங்கத்தைக் கொடுத்தவர்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகம் இரு முகாம்களாகப் பிரிந்தது. செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாடோபெக் கிழக்கு முகாமின் பெருமை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர். ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் மேற்கு முகாமைச் சேர்ந்தவர். உலகச் சாதனைகளை அடுக்கடுக்காகப் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு எட்டாதவர். 1966இல் பிராகு நகருக்கு வந்து திரும்பும் கிளார்க்கிடம் சாடோபெக் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினார். பிரித்துப் பார்த்தால், ஹெல்சிங்கியில் 10,000 மீட்டருக்காக வென்ற தங்கப் பதக்கம்! அது இரக்கத்தால் இட்ட பிச்சையன்று. உனக்கு உரியது என்ற மதிப்பு. எதிரணியில் நிற்பவனின் தகுதியை அவனைவிடவும் தெளிவாகக் காண்பதே விளையாட்டு வீரனின் கண்.

மேடையில் மூன்றாம் மனிதர்

எனினும் என் நெஞ்சில் ஆழப் பதிந்தவர் வேறொருவர். 1968 அக்டோபர் 16, மெக்சிகோ நகரம். 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் டாமி ஸ்மித் 19.83 வினாடியில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் 20.06 வினாடியில் வெள்ளி. அமெரிக்காவின் ஜான் கார்லோஸ் வெண்கலம். பரிசு மேடையில் அமெரிக்கர் இருவரும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தி, தம் நாட்டில் கறுப்பின மக்கள் படும் இழிவை உலகறியச் செய்தனர். அந்தப் படத்தைக் காணாதவர் குறைவு. அதில் கைகளைத் தொங்கவிட்டு நேரே நோக்கி நிற்கும் வெள்ளையரைக் கவனித்தவர்தாம் குறைவு.

அவர் சும்மா நிற்கவில்லை. மெல்போர்னில் உடற்கல்வி ஆசிரியராய் இருந்த நார்மன், இரட்சணிய சேனைக் குடும்பத்தில் வளர்ந்தவர். மேடையேறுமுன் அமெரிக்கர் இருவரும் தம் நோக்கத்தைச் சொன்னபோது, நானும் உங்களோடு நிற்கிறேன் என்றார். மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற அவர்களின் இயக்கச் சின்னத்தைக் கேட்டு வாங்கித் தம் நெஞ்சில் குத்திக்கொண்டார். கார்லோஸ் தம் கையுறையைத் தங்குமிடத்தில் மறந்துவிட்டு வந்திருந்தார். இருப்பது ஒரு சோடிதானே, ஆளுக்கொன்றாய் அணியுங்கள் என்று வழி சொன்னவரும் நார்மனே. ஸ்மித் வலக்கையையும் கார்லோஸ் இடக்கையையும் உயர்த்தி நிற்பது அதனால்தான்.

நார்மனின் நாடு எது? வெள்ளையரை மட்டுமே குடியேற்றும் கொள்கையை அப்போதும் முற்றிலும் கைவிடாத நாடு. தம் மண்ணின் பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கே 1967இல் பொதுவாக்கெடுப்பு நடத்தவேண்டியிருந்த நாடு. அங்கிருந்து வந்தவர் அந்தச் சின்னத்தை அணிந்தார். ஸ்மித்தும் கார்லோஸும் அணியிலிருந்து நீக்கப்பட்டு மெக்சிகோவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நார்மன் 1972 ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தேர்வு ஓட்டத்தில் மூன்றாமவராய் வந்ததே காரணம் என்பார் சிலர். பழிவாங்கினர் என்பார் பலர். எதுவாயினும், அந்த 20.06 வினாடி 2024 டிசம்பர் வரை, 56 ஆண்டுகள், ஆஸ்திரேலியாவில் முறியடிக்கப்படாத சாதனையாய் நின்றது. அவர் பெயரோ நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

2006இல் நார்மன் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் மெல்போர்னுக்கு வந்து அவர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தனர். 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரியது. கேட்க அவர் இல்லை. ஸ்மித்தும் கார்லோஸும் பயின்ற கலிபோர்னியாவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2005இல் அந்த மேடை சிலையாய் எழுந்தது. அதில் இரண்டாம் இடம் வெறுமையாக இருக்கிறது. அது நார்மனின் விருப்பம். வருகிறவர் எவரும் அந்த இடத்தில் ஏறி, தாமும் அவர்களோடு நின்று பார்க்கட்டும் என்பது கருத்து.

இதனால் என்ன பயன்?

நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும்: லாங் கைகோத்ததால் உலகப் போர் நின்றதா? நார்மன் சின்னம் அணிந்ததால் நிறவெறி ஒழிந்ததா? இல்லைதான். ஆனால் போரை நிறுத்தும் பொறுப்பை ஓடுகிறவன் தலையிலும் தாண்டுகிறவன் தலையிலும் ஏற்றுவது நியாயமா? அது அரசுகளின் கடமை. வீரன் செய்யக்கூடியது வேறு. பகைமை தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பொய்யை நம்பியிருக்கிறது: "அவன் நம்மைப் போன்றவன் அல்லன்" என்பதே அந்தப் பொய். எதிரே நிற்பவனும் நம்மைப் போலவே மூச்சிரைக்கிறான், அஞ்சுகிறான், தோற்றால் கலங்குகிறான் என்பதை அருகிலிருந்து அறிந்தவன் விளையாட்டு வீரன். அறிந்ததை ஊரறியக் காட்டினால் அந்தப் பொய்யில் ஓர் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை அடைப்பது எளிதன்று. அதனால்தான் அத்தகையோர் மீது அவ்வளவு சினம்.

நம் காலத்திலேயே இதைக் கண்டோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கமும், நம் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளியும் வென்றனர். அவனும் எங்கள் பிள்ளைதான் என்றார் நீரஜின் தாய். அதே அன்பை நதீமின் தாயும் நீரஜுக்குக் காட்டினார். நாடே நெகிழ்ந்தது. ஆனால் 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும் காற்று மாறியது. பெங்களூரில் தாம் நடத்தவிருந்த போட்டிக்கு நதீமை அழைத்ததற்காக நீரஜ் தூற்றப்பட்டார். அழைப்பு தாக்குதலுக்கு முன்பே அனுப்பப்பட்டது, இனி நதீம் வருவதென்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. அந்தத் தாயையும் வசைபாடினர். கொல்லப்பட்டோருக்காக நாடு துடித்தது முறையே. அந்தச் சினமும் நியாயமே. ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான் நாமே கண்ணீர் மல்கக் கேட்ட ஒரு தாயின் சொல்லை, பின்னர் குற்றப்பத்திரிகையாக்கியது எந்த நியாயம்? கொலைகாரனுக்கும் ஈட்டி எறிபவனுக்கும் வேறுபாடு காணாத சினம், இழந்த உயிர்களுக்கு எந்தப் பெருமையும் சேர்க்காது.

நம் திடலில்

நட்பை ஆராய்வதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தகைய மரபில் வந்த நாம் நம்மையும் ஆராய்ந்து பார்ப்போம். நிறவெறி அயல்நாட்டுச் சரக்கு என்று சொல்லித் தப்பிவிட முடியுமா? கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து இவன் இன்ன சாதி என்று அறியும் பழக்கம் நம் மாணவரிடையே இல்லையா? யார் யாருக்குப் பந்தைத் தட்டிக் கொடுப்பது என்பதிலும், ஆட்டம் முடிந்தபின் யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பதிலும் அது புகுந்துவிடுவதில்லையா? வெளியூர் அணி வந்தால் அவர்களின் ஊரையும் பேச்சையும் பழித்துக் கூச்சலிடுவதை உற்சாகம் என்று பெயரிட்டு அழைக்கவில்லையா?

ஆட்டம் முடிந்ததும் வரிசையாய் நின்று கை குலுக்குவது விதி, அதற்கு விலையில்லை. நம் அணியைச் சேர்ந்தவனே எதிரணி மாணவனின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும்போது, "நிறுத்து" என்று சொல்வதற்கு விலை உண்டு. நண்பர் சிலர் முகம் திருப்பலாம். அடுத்த ஆட்டத்தில் இடம் போகலாம். பெருந்தன்மை தொடங்குவது அங்கேதான். விளையாட்டு விழாவில் பரிசு பெறுவோரின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். அப்படிச் சொன்ன மாணவனின் பெயரையும் ஒருநாள் வாசிக்க நம் ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும். சான் ஹோசே மேடையின் அந்த வெற்றிடம் கலிபோர்னியாவில் மட்டும் இல்லை. நம் கல்லூரித் திடலிலும் ஏறி நிற்க ஆளின்றிக் காத்திருக்கிறது.